அப்பா பெயரால் அழைக்கப்பட்ட கௌதமன்

தகவல் எனக்கு முதலில் ரஷ்ய மொழியில்தான் வந்தது. வங்கியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்திருந்ததால் கௌதமனின் மகள் யாமினி கூப்பிட்டது தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் நிக்கலாய் பெத்ரோவிச் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார். அவர் எங்களோடு பெங்களூர் பொம்மசந்திராவில் வேலை பார்த்த ரஷ்யப் பொறியாளர். இப்போது தன் ஊரில் முதுமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். யாமினி தன் அப்பாவின் கைபேசியில் கடைசியாகப் பேசியிருந்தவர்களுக்கெல்லாம் சேதி அனுப்பியிருக்கிறாள், அதில் அவரும் ஒருவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "எல்லப்பனிச் போய்விட்டான், வசந்தா ராமலிங்கமொவ்னா. நம் எல்லப்பனிச் இனி இல்லை" என்றார்.

எல்லப்பன் என்பது கௌதமனின் அப்பா பெயர். மகனுக்கு விவரம் தெரியாத வயதில் வீட்டைவிட்டுப் போன மனிதர். இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்தக் குரலைக் கேட்டதும், சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெரியவரைப் பற்றிய தகவல்தான் கடைசியில் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். இதைக் கௌதமனிடம் யார் சொல்வது, நான்தான் சொல்ல வேண்டும் என்று அவன் எண்ணைத் தேடக்கூட ஆரம்பித்தேன். பிறகுதான் உறைத்தது, எல்லப்பனிச் என்று ரஷ்யர்கள் கூப்பிடுவது கௌதமனையே என்று. வங்கிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். காவலாளி வந்து, "ஏனாய்த்து மேடம்?" என்று கன்னடத்தில் கேட்டார். என்ன சொல்வது? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

இதைப் படிக்கிற மர்பி டவுன்காரர்களுக்கும் பொம்மசந்திரா நண்பர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி அஞ்சலி எழுத்தில் "அவர்", "மறைந்தார்" என்றெல்லாம் எழுத வேண்டுமாம். எனக்கு வராது. உயிரோடு இருந்தவரை நான் அவனை "நீ" என்றுதான் பேசினேன், அவனும் என்னை அப்படித்தான். செத்துப்போனதற்காக மரியாதையைக் கூட்டினால், "இன்னா வசந்தா, ஒரேயடியா தூரத்துல நிறுத்திட்ட" என்று கேட்பான். ஆகவே அவன் அவன்தான்.

நாங்கள் சந்தித்தது ஒரு மாலை நேர ரஷ்ய வகுப்பில். நான் ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி தொம்மலூருக்கு வந்த புதிது. வீட்டில் மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சேர்ந்தேன். அவன் பகலில் ஒரு அச்சகத்தில் வேலை செய்துவிட்டு, கையில் மையோடு வருவான். ஆசிரியை தமாரா செர்கேயெவ்னா முதல் நாளே எங்களுக்கெல்லாம் ரஷ்ய முறையில் பெயர் வைத்தார். அவர்களுக்குப் பெயர் மூன்று துண்டு. முதலில் சொந்தப் பெயர். அடுத்தது அப்பா பெயர், ஆணுக்கு "ஓவிச்", பெண்ணுக்கு "ஒவ்னா" என்று வால் வைத்து. கடைசியில் குடும்பப் பெயர். அதில் குடும்பப் பெயரை யாரும் கூப்பிடுவதற்குப் பயன்படுத்துவதில்லை. ஆசிரியர், அதிகாரி, பெரியவர், புதிதாகத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொந்தப் பெயரும் அப்பா பெயரும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். அதுதான் மரியாதை. சார், மேடம் எல்லாம் அங்கே கிடையாது. அப்பாதான் சார்.

என் அப்பா ராமலிங்கம். நான் வசந்தா ராமலிங்கமொவ்னா ஆனேன். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒரு பையன் வெங்கடேஷ் நஞ்சுண்டப்பாவிச் ஆனான், அவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை. கௌதமன் முறை வந்ததும், "அப்பா இல்லை" என்றான். இறந்துவிட்டாரா என்று ஆசிரியை கேட்டார். "தெரியாது" என்றான். சிரிப்பு நின்றுவிட்டது. தமாரா செர்கேயெவ்னா கொஞ்சம் யோசித்து, நிதானமாகச் சொன்னார்: "இறந்த அப்பாவும் பெயரில் இருப்பார். ஓடிப்போன அப்பாவும் இருப்பார். யாரென்றே தெரியாத அப்பாவுக்குக்கூட எங்கள் ஊரில் அம்மா ஒரு பெயரைச் சொல்லி எழுதிவிடுவாள். அப்பா பெயர் இல்லாமல் உன்னை நான் மரியாதையாகக் கூப்பிட முடியாது. ஏதாவது ஒரு பெயர் சொல்." அவன் மை படிந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லப்பன்" என்றான்.

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மர்பி டவுனில் அவன் வீட்டுக்குப் போகப்போக விஷயம் புரிந்தது. அம்மா ருக்குமணி, கட்டுமஸ்தான குள்ள உருவம், பெரிய குங்குமப் பொட்டு. ஒரு நாள் காலை கணவர் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார், திரும்பவில்லை. எங்கும் பிணம் கிடைக்கவில்லை. எவளோடும் இருப்பதாகத் தகவலும் இல்லை. அந்த அம்மா பழங்கால மனுஷி, புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார். "இவரு", "அந்த மனுஷன்", "கௌதமு அப்பா", அவ்வளவுதான். மகனோ கோபத்தில் சொல்வதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பம் எழுதும்போதே அப்பா பெயரின் முதலெழுத்தைத் தூக்கிவிட்டு அம்மா பெயரின் எழுத்தைப் போட்டுக்கொண்டவன் அவன். ஆக, அந்த வீட்டில் ஒருத்தி பழக்கத்தால் சொல்லவில்லை, ஒருத்தன் வீம்பால் சொல்லவில்லை. எல்லப்பன் என்ற பெயர் அந்தச் சுவர்களுக்குள் கேட்கவே இல்லை.

"ரஷ்யாக்காரன் அப்பன கூடவே கூட்டிக்கினு சுத்துறான்" என்பான். "நம்மாளு ஒத்த எழுத்தா மடிச்சு பாக்கெட்ல வெச்சிக்கிறான். நான் பாக்கெட்டையே கிழிச்சிட்டவன்." அப்படியென்றால் வகுப்பில் ஒரு பொய்ப் பெயரைச் சொல்லியிருக்கலாமே, ராமசாமி, கோவிந்தசாமி என்று எத்தனை இல்லை, என்று கேட்டேன். "சொல்லியிருக்கலாம்தான். வாயில அதான் வந்துச்சு" என்றான். அதற்குமேல் கேட்டால் எரிந்து விழுவான் என்பதால் விட்டுவிட்டேன்.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை ரஷ்யாவிலிருந்து பெரிய பெரிய பிரஸ் இயந்திரங்களை வாங்கியது. அவற்றைப் பொருத்தி, ஓட்டிக் காட்ட ரஷ்யர்கள் வந்தார்கள். எங்கள் இருவரையும் துபாஷியாக எடுத்தார்கள். நான் அலுவலகப் பேச்சுக்கு, அவன் இயந்திரக் கூடத்துக்கு. முதல் வாரம் ரஷ்யர்கள் அவனை "கௌதம் எல்லப்பனோவிச்" என்று முழுதாக அழைத்தார்கள். நெருங்கிய பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். நமக்கு நெருக்கம் வந்தால் அப்பா பெயர்தான் முதலில் போகும். அவர்களுக்கோ, கூடவே நின்று வேலை செய்கிற, மதிப்புக்குரிய ஆளை அப்பா பெயரால் மட்டும், அதையும் சுருக்கிக் கூப்பிடுகிற வழக்கம் உண்டு. பெத்ரோவிச்சை "பெத்ரோவிச்" என்றுதான் அவர் ஆட்கள் கத்துவார்கள். நிக்கலாய் என்ற பெயர் சுருங்கி, அவர் மனைவிக்கு அவர் கோல்யா, அம்மாவுக்குக் கோலென்கா, கூடப் படித்தவனுக்குக் கோல்கா. இயந்திரக் கூடத்தில் மட்டும் அவர் தன் அப்பாவின் மகன், வேறொன்றுமில்லை. அதே கணக்கில் கௌதமனும் "எல்லப்பனிச்" ஆகிவிட்டான். கௌதமன் உதிர்ந்து போனான், எல்லப்பன் மட்டும் அந்தக் கூடம் முழுக்க எதிரொலித்தார்.

என்னை அவர்கள் செல்லமாக "வாஸ்யா" என்றார்கள். அது அவர்கள் ஊரில் ஆம்பிளைப் பெயராம். போங்கடா நீங்களும் உங்கள் செல்லமும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் கூடத்தில் வேலை செய்த நம் பையன்கள் இருந்தார்களே, கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஆட்கள், அவர்களுக்கு இந்த வழக்கம் எப்படித் தெரியும்? ரஷ்யர்கள் நாள் முழுக்க "எல்லப்பனிச், எல்லப்பனிச்" என்று கத்துவதைக் கேட்டு, இவன் பெயரே எல்லப்பன்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "எல்லப்பண்ணா, அந்த வால்வ எந்தப் பக்கம் திருப்பணும்னு கேட்டுச் சொல்லுங்கண்ணா." கேண்டீன்காரர், "எல்லப்பன் சாருக்கு ஒரு டீ" என்பார். கௌதமன் முதலில் திருத்தினான். பிறகு திட்டினான். ஒரு நாள் ஒரு பையனிடம், "டேய், என் பேரு கௌதமன். அந்தப் பேரச் சொல்லி இன்னொரு தபா கூப்ட்ட, பல்லு பேந்துடும்" என்று கத்தியதை நானே கேட்டேன். பையன் பயந்துபோய், "சாரி எல்லப்பண்ணா" என்றான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

நிக்கலாய் பெத்ரோவிச்சை அவன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை நானும் இருந்தேன். வழியிலேயே அவரிடம் சொல்லிவைத்திருந்தான்: வீட்டில் என்னைக் கௌதம் என்று மட்டும் கூப்பிடுங்கள், அம்மா எதிரில் அந்தப் பெயர் வேண்டாம். பெத்ரோவிச் தலையாட்டினார். ஆனால் மனிதர் வளர்ந்த விதம் அப்படி. பெற்றவள் முன்னால் மகனை மொட்டையாகக் கூப்பிடுவது அவளை அவமதிப்பது போல என்று அவர் மனத்தில் ஊறியிருந்தது. வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றி, ஊரே கேட்கிற குரலில், "கௌதம் எல்லப்பனோவிச், உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்றார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ருக்குமணி அம்மா ஈரக் கையோடு வந்தார். ஆறடிக்கு நிற்கிற வெள்ளைக்கார விருந்தாளியைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, தெருவைப் பார்த்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னது? அவரு பேர யாரு சொன்னது?" என்றார். அந்த முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆள் வந்துவிட்டான் என்று நினைத்துவிட்ட முகம்.

கௌதமன் எல்லாவற்றையும் விளக்கினான். ரஷ்யர்கள் வழக்கம், பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், அது இது என்று. அந்த அம்மா கேட்டாரோ இல்லையோ தெரியாது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். பிறகு மகனிடம், "இன்னொரு தபா சொல்லச் சொல்லு" என்றார்.

"எம்மா, சும்மா இரும்மா."

"சொல்லச் சொல்லுடா. நான்தான் சொல்லக்கூடாது. அவரு சொன்னா இன்னா?"

கௌதமன் சொல்லவில்லை. நான்தான் பெத்ரோவிச்சிடம் ரஷ்ய மொழியில் சொன்னேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை என்றாலும், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்திருக்க வேண்டும். மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக, "எல்லப்பன்" என்று மட்டும் சொன்னார். ருக்குமணி அம்மா கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா சொல்றாரு" என்றார். அப்புறம் எல்லோருக்கும் சோறு போட்டார். அதன் பிறகு என்னை எங்கே பார்த்தாலும், "அந்த ரஷ்யாக்காரர எப்ப கூட்டியாறீங்க?" என்று கேட்பார். கௌதமனுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. "எங்கம்மாவுக்கு மீன் கொழம்பு போட ஆள் வேணுமாம்" என்று பேச்சை மாற்றுவான்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ நடந்ததை இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டான், அந்த அம்மாவும் இல்லை, அவனும் இல்லை. ஒரு மாலை வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறப் போனோம். கேட்டில் இருந்த காவலாளி கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற ஆள். சிரித்துக்கொண்டே, "எல்லப்பன் சார், இன்னிக்கு உங்க பேர்ல ஒரு அஜ்ஜா வந்திருந்தாரு" என்றார். அஜ்ஜா என்றால் வயசான பெரியவர்.

"என் பேர்லயா?"

"ஆமா சார். வாட்ச்மேன் வேலை காலி இருக்கான்னு கேட்டாரு. இந்த வயசுல உனக்கு யாரு அஜ்ஜா வேலை குடுப்பாங்க, பேரு இன்னான்னு கேட்டேன். எல்லப்பன்னாரு. அட, உள்ள எங்க துபாஷி சார் பேரும் எல்லப்பன்தான், மர்பி டவுன்காரருன்னு சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொன்னாரு?"

"மர்பி டவுனான்னு கேட்டாரு. கொஞ்ச நேரம் உள்ள பார்த்துக்கிட்டு நின்னாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். போய்ட்டாரு."

கௌதமன் பஸ்ஸில் ஏறவில்லை. ஒசூர் சாலைப் பக்கம் ஓட ஆரம்பித்தான். நானும் பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னால் போனேன். லாரிகள் போகிற புழுதியில் ஒவ்வொரு டீக்கடையாக, பஸ் நிறுத்தமாகப் போய், "வயசானவர் ஒருத்தரு இந்தப் பக்கம் வந்தாரா?" என்று கேட்டான். ஒரு டீக்கடைக்காரர் நியாயமாகத்தான் கேட்டார்: "எப்படி இருப்பாருங்க? உயரமா, குள்ளமா? கறுப்பா, செவப்பா?" கௌதமன் வாயைத் திறந்தான். அவனுக்கு அப்பாவின் முகம் தெரியாது. அந்த வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பெயர் மட்டும்தான், அதையும் அவன் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான்.

திரும்பி வந்து காவலாளியைக் கேட்டோம். "எப்படி இருந்தாருன்னா, அஜ்ஜா மாதிரி இருந்தாரு சார்" என்றார் அவர். வேறென்ன சொல்வார் பாவம்.

எல்லப்பன் என்பது ஒசூர்ப் பக்கம் தடுக்கி விழுந்தால் கிடைக்கிற பெயர். வேலை தேடி வந்த யாரோ ஒரு கிழவராக இருக்கலாம். நான் அதைத்தான் அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அப்ப ஏன் மர்பி டவுனான்னு கேட்டாரு?" என்றான். அந்தப் பெரியவர் மறுபடி வரவே இல்லை.

அன்றிலிருந்து அவன் யாரையும் திருத்துவதை விட்டுவிட்டான். எல்லப்பண்ணா என்றால், "சொல்லுடா" என்பான். இன்னொரு பழக்கமும் வந்தது. கூடத்தில் வேலை பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். யாராவது "எல்லப்பனிச்!" என்று கூப்பிட்டால், கூப்பிட்ட ஆளைப் பார்க்க மாட்டான். முதலில் வாசலைப் பார்ப்பான். பிறகுதான் திரும்பி, "என்ன வேண்டும்?" என்பான். ரஷ்யர்கள் இதைக் கேலி செய்வார்கள். தெற்கிலிருந்து கூப்பிட்டால் வடக்கே பார்க்கிற ஆள் என்பார்கள். ஏன் இப்படி என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ஒருத்தரு பேர இத்தினி தபா கத்திக் கூப்ட்டா, அவரு வந்துட்டா இன்னா பண்றது வசந்தா?"

"வந்தா நல்லதுதானேடா?"

"தெர்ல. அறையணும்னு தோணுது. உக்காந்து சாப்புடுன்னு சொல்லணும்னும் தோணுது. ரெண்டுல எது முதல்ல வரும்னு தெர்ல. அதான் பயமா இருக்கு."

ருக்குமணி அம்மா இறந்தபோது பெண்கள் வாசலில் கூடிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பொட்டோடு அனுப்புவதா, அழித்துவிட்டு அனுப்புவதா? யாருக்கும் தெரியவில்லை. பெரியவர் ஒருவர் கௌதமனிடமே கேட்டார். "வெச்சே அனுப்புங்க" என்றான். "அவரு வரலைன்னுதான் நமக்குத் தெரியும். செத்தாருன்னு யாரு சொன்னது?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டார் பௌத்தர்கள். பிக்கு ஒருவர் வந்து பஞ்சசீலம் சொன்னார். நெற்றி நிறையக் குங்குமத்தோடு அந்த அம்மா போனார்.

வீடு மாறுவது பற்றியும் சொல்ல வேண்டும். மல்லிகா, அவன் மனைவி, தொம்மலூரில் ஒரு நல்ல வீட்டைப் பார்த்து வைத்திருந்தாள், என் தெருவுக்கு அடுத்த தெருதான். ருக்குமணி அம்மா இருந்தவரை ஒத்துக்கொள்ளவில்லை: "அந்த மனுஷன் வந்தா எங்க போயி தேடுவாரு?" மாமியார் போன பிறகு இனித் தடை இல்லை என்று மல்லிகா நினைத்தாள். கௌதமன் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே தண்ணீர் வராது என்றான், பார்க்கிங் இல்லை என்றான், பக்கத்து வீட்டில் நாய் என்றான். ஒரு நாள் மல்லிகாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்கம்மாவாச்சும் வாயத் தொறந்து சொல்லிச்சி. நீ தண்ணி மேலயும் நாய் மேலயும் பழி போடற" என்றாள், என் எதிரிலேயே. அவன் எழுந்து பல் தேய்க்கப் போய்விட்டான். சாயங்காலத்தில் யாராவது பல் தேய்ப்பார்களா? மர்பி டவுன் வீட்டின் வாசல் கதவைக்கூட அவன் மாற்றவில்லை. பழைய பச்சைப் பெயின்ட், அதையே திரும்பத் திரும்ப அடித்தான்.

பிறகு ரஷ்யர்கள் வருவது நின்றுபோனது. இயந்திரங்களை நம் பையன்களே ஓட்டப் பழகிக்கொண்டார்கள், அடுத்த இயந்திரங்கள் வேறு நாட்டிலிருந்து வந்தன. கூடத்துப் பையன்களும் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். நாங்களும் ஓய்வு பெற்றோம். பெத்ரோவிச் எப்போதாவது பேசுவார். மற்றபடி பெங்களூரில் கௌதமனை எல்லப்பன் என்றோ எல்லப்பனிச் என்றோ கூப்பிட ஆள் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே சீறிய மனிதனுக்கு அது கேட்காமல் போனதும் ஏதோ ஆயிற்று. காரணமே இல்லாமல் எனக்குப் போன் செய்வான். ரஷ்ய மொழியில் பேசலாம் வா என்பான். "மொழி மறந்துடும்ல" என்பான். நான் பேசுவேன். ஆனால் நான் அவனைக் கௌதம் என்றுதான் கூப்பிட்டுப் பழகியவள். எல்லப்பனிச் என்று கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் கடைசியாக அவனைப் பார்த்தது ஒரு மதியம். மல்லிகா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தான், குரல் மட்டும் அப்படியே இருந்தது. என் புடவை நிறம் சரியில்லை என்று சொன்னான். நான் உன் தலைமுடி சரியில்லை என்றேன். முடியே இல்லை. பிறகு, "வசந்தா, ஒரு தபா ரஷ்யாக்காரன் மாதிரி கூப்புடேன்" என்றான்.

எழுந்து நின்றேன். மரியாதையாகக் கூப்பிடுவது என்றால் முழுதாகக் கூப்பிட வேண்டும். "கௌதம் எல்லப்பனோவிச்" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தலையணையில் தலையைத் திருப்பி, வார்டு வாசலைப் பார்த்தான். சக்கரம் கிறீச்சிட, ஓர் ஆயாம்மா மதியச் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கௌதமன் சிரித்தான். எலும்பெல்லாம் குலுங்கச் சிரித்தான். "சோறுதான் வந்துச்சு" என்றான்.

அவன் போன அன்று, கல்லறையில் நடும் பலகைக்கு என்ன பெயர் எழுதுவது என்ற கேள்வி வந்தது. யாமினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, அந்த ரஷ்யா தாத்தா மெசேஜ்ல எல்லப்பனோவிச்னு போட்டிருக்காரு. அது எங்க தாத்தா பேராம், அம்மா இப்பதான் சொல்றாங்க. அதையும் சேத்துப் போடலாமா?" என்றாள். இத்தனை நாள் அது அப்பாவுக்கு ரஷ்யர்கள் வைத்த ஏதோ பட்டப்பெயர் என்று நினைத்திருக்கிறாள். எனக்குப் போடலாம் என்றுதான் தோன்றியது. மல்லிகா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "உசுரோட இருந்தப்ப அந்த மனுஷன் எழுதாத பேர, செத்தப்புறம் நாம எழுதக் கூடாது." அவள் சொன்னதும் சரிதான். ருக்குமணி அம்மாவின் எழுத்தோடுதான் பலகை இருக்கிறது.

ஆனால் குழிக்கு மண் தள்ளுவதற்கு முன்னால் பெத்ரோவிச் வீடியோவில் கூப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார். யாமினி ஒலியைக் கூட்டினாள், நான் கைபேசியைக் குழிக்கு மேலே பிடித்தேன். அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. கிழவர் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். எல்லப்பனிச் என்று சுருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று கூப்பிட்டாரே, அதே குரலில், இப்போது கொஞ்சம் உடைந்து, "ப்ரஷாய்தே, கௌதம் எல்லப்பனோவிச்" என்றார். போய் வாருங்கள் என்று அர்த்தம்.

மேளம் நின்றிருந்தது. எல்லோரும் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி மயானத்து வாசலைப் பார்த்தேன். என்னையறியாமல்தான் பார்த்தேன். பக்கத்தில் மல்லிகாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோவும் ஒரு பூக்காரியும் தவிர யாரும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு மண்ணைத் தள்ளினார்கள்.

கௌதமன் எனக்கு விட்டுப்போன புத்தகம் இல்லை, பொருள் இல்லை. அந்த அம்மா சொல்லக்கூடாதென்று இருந்த, அவன் சொல்லமாட்டேனென்று இருந்த பெயர் இப்போது இரண்டே வாயில் இருக்கிறது, ஒன்று பனி பெய்கிற ஊரில், இன்னொன்று தொம்மலூரில். சில மத்தியானங்களில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அதை முழுதாக ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் யார் வருவார் என்று பார்க்கிறேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை, அப்பாவா, மகனா.